புதுப்பிப்பு: கவிதையைப் பகுத்துப் படிக்கும் முறையில் ஒரு மாற்றம்

முந்தைய இழையில் சொன்ன வரிசை: உரக்கப் படி, சீர் பிரி, திணையை (நிலத்தையும் காதல் சூழலையும் வைத்துச் சங்கப் பாடலுக்குத் தரும் வகையை) கண்டுபிடி, பிறகு உவமை. குறுந்தொகை 40ஆம் பாடலை வைத்து மாணவர்களோடு செய்து பார்த்தேன். அதன் திணை ‘குறிஞ்சி’ (மலைநிலம், காதலர் கூடல்) என்று எழுதியதும் பலர் நின்றுவிட்டார்கள். திணை ஒரு விடையாகிவிட்டது, அவ்வளவுதான்.

அதனால் இப்போது திணை கடைசியில். முதலில் யார் யாரிடம் பேசுகிறார்கள்? பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியிடம் தலைவன். அப்புறம் ‘என், உன்’ சொற்களை அடிக்கோடிடச் சொன்னேன். யாய் (என் தாய்), ஞாய் (உன் தாய்), எந்தை (என் தந்தை), நுந்தை (உன் தந்தை), யான், நீ. முதல் மூன்று அடிகளிலும் இரண்டிரண்டாகப் பிரிந்தே நிற்கின்றன. நான்காவது அடியில் செம்மண்ணில் பெய்த மழைநீர். ஐந்தாவதில் வெறும் ‘நெஞ்சம்’. என்னுடையது, உன்னுடையது என்ற பிரிவே இல்லை! இதை ஒரு மாணவி தானாகவே கண்டு சொன்னாள்.