ஹெலிகாப்டர் நீர் வாளி: கொள்ளளவைக் கூட்டினால் போதுமா?

கேள்வி (கேட்பவரின் புனைபெயர்): மலைச்சரிவு
2024 மார்ச்சில் குன்னூர் அருகே காட்டுத்தீ பல நாட்கள் அணையாமல் எரிந்தபோது, விமானப்படையின் எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் ‘பாம்பி பக்கெட்’ எனும் வாளியைத் தொங்கவிட்டு 16,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஊற்றியதாகச் செய்தி வந்தது. ஒரு வாளிக்கு ஏறத்தாழ 3,500 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் அது ஐந்து நடைதான் ஆகிறது. இந்தக் கருவியை மேம்படுத்த, வாளியைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழிகள் உண்டா?

பதில் 1: சுழலி
பெரிதாக்குவது அநேகமாகப் பயன் தராது. 3,500 லிட்டர் என்பது மூன்றரை டன் எடை. குன்னூர் போன்ற உயரத்தில், அதுவும் கோடை வெப்பத்தில், காற்றின் அடர்த்தி குறைவதால் ஹெலிகாப்டரின் தூக்குதிறனும் குறைகிறது. இதற்காகவே வாளியின் கொள்ளளவைக் குறைத்துக்கொள்ள அதில் இறுக்குப் பட்டை வைத்திருக்கிறார்கள். கனடாவின் டான் ஆர்னி 1982இல் உருவாக்கிய இந்த மடக்கு வாளியின் சிறப்பு அதன் அளவில் இல்லை. சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு பறந்து, நீர்நிலைக்கு அருகில் இறங்கி மாட்டிக்கொள்ளலாம் என்பதில்தான் இருக்கிறது.

கணக்கிட வேண்டியது மணிக்கு எத்தனை லிட்டர் தீயில் விழுகிறது என்பதை. நீர்நிலைக்கும் தீக்கும் இடையே போக வர ஆறு நிமிடம் என்றால் மணிக்குப் பத்து நடை, அதாவது 35,000 லிட்டர். அதுவே இருபது நிமிடமானால் மூன்றே நடை. எந்த வாளியாலும் இந்த இடைவெளியை ஈடுகட்ட முடியாது.

பதில் 2: வடமுனை
கணக்கு சரிதான், ஆனால் கருவியை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம். பழைய வகை வாளியில் அடிவால்வைத் திறந்தால் துணிக்குழாய் வெளியே சரிந்து, தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் கொட்டிவிடும். விமானி விரும்பும்போது மூடித் திறக்கும் வால்வு இருந்தால், ஒரே நடையில் இரண்டு மூன்று தீப்பொட்டுகளை நனைக்கலாம். வாளிக்குள் பம்பு பொருத்தினால், அது முழுதாக மூழ்காத ஆழம் குறைந்த குட்டையிலிருந்தும் நீர் எடுக்கலாம்.

வயிற்றில் தொட்டி கட்டிய எஸ்-64 ஏர்கிரேன் ஹெலிகாப்டர் ஏறத்தாழ 10,000 லிட்டரை உறிஞ்சுகுழாய் வழியே ஒரு நிமிடத்துக்குள் ஏற்றிக்கொள்கிறது. இருந்தாலும், செங்குத்தான பள்ளத்தாக்கில் நான் வாளியின் பக்கமே நிற்பேன்: தொட்டி ஹெலிகாப்டர் தாழப் பறந்தால் அதன் இறக்கைக் காற்றே தீயை விசிறிவிடக்கூடும், நீண்ட வடத்தில் வாளியைத் தொங்கவிட்டால் ஹெலிகாப்டர் உயரத்திலும் தண்ணீர் தாழ்விலும் இருக்கும்.

மலைச்சரிவு
பாதித் தண்ணீர் காற்றிலேயே போய்விடுகிறது என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது?

பதில் 3: தீக்கோடு
எவ்வளவு வீணாகும் என்பது உயரத்தையும் காற்றையும் பொறுத்தது. உயரத்திலிருந்து ஊற்றினால் நீர் சிதறித் துளியாகி விலகிவிடும். நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ நுரைத்திரவம் கலந்தால் சருகிலும் பட்டையிலும் நீர் ஊறி நிற்கும். ஆனால் நுரை படிந்த வாளியைக் குடிநீர் அணையில் முக்குவதை நான் ஏற்கமாட்டேன். அதற்குத் தனித் தொட்டி வேண்டும். கலிபோர்னியாவில் குழாயிணைப்புடன் கூடிய தரைத்தொட்டிகளை ஹெலிகாப்டர்களுக்கென்றே சில இடங்களில் நிறுவியிருக்கிறார்கள்.

எப்படி ஊற்றினாலும் தண்ணீர் தீயின் வேகத்தை மட்டுப்படுத்துமே தவிர, கீழே தீ தாண்டாதபடி செடிகொடிகளை அகற்றிக் கோடு வெட்டும் வனப்பணியாளர்கள் இல்லாவிட்டால் சற்று நேரத்தில் அது மீண்டும் கிளம்பிவிடும். ஆகவே நீலகிரிக்கு முதலில் வேண்டியது, பிப்ரவரிக்கு முன்பே எந்தக் குளத்தில் எவ்வளவு ஆழம் இருக்கிறது, அதன் மேல் மின்கம்பி செல்கிறதா என்று குறித்த ஒரு வரைபடம். தொங்கும் வாளிக்குக் கம்பிதான் எமன்.