புது டப்பா, உள்ள அதே பழைய கிட்

கேள்வி: 1/25 அளவுல நாமளே ஒட்டிச் செய்யுற பிளாஸ்டிக் மாடல் கிட், அமெரிக்கன் கார் ஒண்ணு வாங்கினேன், டப்பா படம் புதுசு, டீகால் (மேல ஒட்டுற ஸ்டிக்கர்) புதுசு, திறந்து பாத்தா 60கள்ல வெட்டின அதே மோல்டு (அச்சு), ஓரமெல்லாம் பிளாஷ் (அச்சு இடுக்குல கசிஞ்ச பிளாஸ்டிக்) பிதுங்கி நிக்குது, முன் ஆக்சில் கம்பி இஞ்சின் பிளாக்க துளைச்சிட்டு அந்தப் பக்கம் போகுது. இத இன்னும் எத்தன தடவதான் விப்பாங்க?

பதில்: மோல்டுன்றது ஸ்டீல்ல வெட்டுறது ப்ரோ, புதுசா ஒண்ணு செய்ய எக்கச்சக்க செலவு. பழசு எப்பவோ போட்ட காச எடுத்தாச்சு, மெஷின்ல மாட்டினா போதும். 2018ல கிட் கம்பெனி ரெவெல்லோட ஓனர் ஹாபிகோ திவாலாகி ரெவெல்லே கைமாறுச்சு, யாரு ரிஸ்க் எடுப்பா?

பதில்: எனக்கு ரீஇஷ்யூ (பழைய மோல்டுல திரும்ப விடுறது) ஓகேதான், பழைய சீல் டப்பாவுக்கு ஏலத்துல கேக்குற வெலைக்கு இது தேவல. என் வருத்தம் வேற, அப்பவே நெறைய மோல்டுகள ரேஸ் கார் வெர்ஷனுக்காக மாத்தி வெட்டிட்டாங்க, ஸ்டாக் (கம்பெனி ஒரிஜினல்) பம்பர், ஹுட் எல்லாம் போயே போச்சு.

பதில்: அடுத்த தடவ ஸ்கேல்மேட்ஸ் வெப்சைட்ல கிட்டோட டைம்லைன் பாத்துட்டு வாங்குங்க, எந்த வருஷ மோல்டுன்னு தெரிஞ்சிரும்.

கேள்வி கேட்டவர்: பாத்தேன். என்னவிட வயசு அதிகம் அதுக்கு 😂