கலைச்சொல் தேவை: கிளீன் இன்ஸ்டால் (அவசரம்)

ம. எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததிலிருந்து எங்கள் கணினி வகுப்பில் 11-க்கு மாறுவது பற்றித்தான் பேச்சு. கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பழையதை வைக்காமல் விண்டோஸைப் புதிதாகப் போடும் ‘கிளீன் இன்ஸ்டால்’-க்கு ‘தூய நிறுவல்’ என்று போடலாமா?

கு. எழுதியது:
‘தூய’ என்றால் வைரஸ் இல்லாதது என்று நினைப்பார்கள். நடப்பது வட்டைத் துடைப்பது. ‘துடைத்து நிறுவல்’ போடுங்கள்.

செ. எழுதியது:
அது சொல் அல்ல, சொற்றொடர். ‘அழிநிறுவல்’ என்க. வினைத்தொகை, முக்காலமும் அடங்கும். ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்ற நன்னூலாரை நினைத்தால் ‘கழிநிறுவல்’கூடப் பொருந்தும்.

கு. எழுதியது:
ஐயா, வினைத்தொகையை விரித்துப் பாருங்கள்: அழிந்த நிறுவல், அழிகின்ற நிறுவல், அழியும் நிறுவல். நிறுவியதே அழிந்துபோகிறது! ‘கழி’யோ அதே நன்னூலில் ‘சால உறு தவ நனி கூர் கழி மிகல்’, அதாவது மிகுதி. அளவுக்கு மீறி நிறுவச் சொல்கிறீர்களா?

பா. எழுதியது:
இலக்கணம் இருக்கட்டும். எங்கள் வகுப்பில் ஒருவர், செயலிகள் இருக்கும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையை அப்படியே பென்டிரைவில் எடுத்துவைத்து, விண்டோஸ் போட்டபின் திரும்ப ஒட்டினார். கணக்கு மென்பொருளைத் திறந்தால் ஏதோ டிஎல்எல் (செயலிக்குத் துணையான கோப்பு) காணவில்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்) இருந்த பதிவுகள் எல்லாம் வட்டோடு போய்விட்டனவே! கோப்பு வேறு, நிறுவிய செயலி வேறு என்பது அந்தச் சொல்லிலேயே தெரிய வேண்டும்.

செயலிகள் அப்படியே ஓட வேண்டுமானால், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே 11-இன் செட்டப்பை (நிறுவும் நிரல்) இயக்கி, கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்ளும் தேர்வைக் கொடுக்க வேண்டும். பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் (கணினியைத் தொடக்கினால்) அந்தத் தேர்வு கிடைக்காது. செயலிகளை வைத்துக்கொள்ளும் வழிக்கு ‘மேல்நிறுவல்’ என்று வைத்தால் இரண்டும் பிரிந்து நிற்கும்.

செ. எழுதியது:
‘ரெஜிஸ்ட்ரி’, ‘செட்டப்’, ‘பூட்’... இந்தக் கலைச்சொல் குழுவிலேயே இப்படியா? ‘பதிவகம்’ எங்கே போயிற்று?

பா. எழுதியது:
திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தானே கையேட்டைப் படிப்பவர் தேடுவார்? பதிவகம் என்றால் பத்திரம் பதியப் போய்விடுவார்.

ம. எழுதியது:
சரி, நேரமில்லை. ‘துடைத்து நிறுவல்’, ‘மேல்நிறுவல்’ இரண்டையும் போடுகிறேன். முதல் பக்கத்திலேயே ‘செயலிகளின் நிறுவல் கோப்பும் உரிமக் குறியீடும் கையில் இருக்கிறதா?’ என்றும் சேர்த்துவிட்டேன். மறுப்பு உண்டா?

செ. எழுதியது:
உண்டு. ‘மேல்’ என்பது இடமா, காலமா? கீழே இருப்பது எது? விரிவாக இரவு எழுதுகிறேன்.