ஊட்டிக்கு ரயில் ஏறியது, கொடைக்கானலுக்கு ஏறவில்லை. அதனால் என்ன மாறியது?

பூம்பாறைக்காரன்:
கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையில் எங்கள் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் கொடைக்கானல் வந்துவிடும் என்று நம்பி வந்தார். இன்னும் 80 கிலோமீட்டர் இருக்கிறது என்றதும் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஊட்டிக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. ரயில் மலையேறியதால்தான் ஊட்டி அவ்வளவு பெரிய ஊரானதா?

கேத்தி வாசி:
பாதிதான் சரி, தம்பி. மலை ரயில் குன்னூருக்கு வந்தது 1899இல், ஊட்டிக்கு 1908இல். அதற்கு வெகு முன்னாலேயே மெட்ராஸ் அரசாங்கம் கோடைக்கு ஊட்டிக்கு மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டது. மெட்ராஸிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன பாதை 1862லேயே கோயம்புத்தூர் பக்கத்துப் போத்தனூர் வழியாக ஓடியது. 1873இல் அங்கிருந்து மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளை போட்டார்கள். சமவெளியில் பல நாள் மாட்டுவண்டிப் பயணம் அதோடு ஒழிந்தது. மலை ஏறுவது மட்டும்தான் பாக்கி.

அப்புறம் ஒரு கூத்து. கீழே அகலப் பாதை, மேலே மீட்டர் கேஜ் என்ற குறுகலான பாதை. கீழே ஓடும் வண்டி மேலே ஓடாது. எல்லாச் சரக்கையும் மேட்டுப்பாளையத்தில் இறக்கித்தான் மாற்ற வேண்டியிருந்தது. இறக்கிய இடத்தில் குடோன் வரும், குடோன் இருந்தால் வியாபாரியும் தரகரும் வராமலா இருப்பார்கள்?

என் அப்பா அங்கே ஒரு உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு எழுதினார். 45 கிலோ மூட்டை. சாக்கின் வாயைச் சணலால் தைத்து அடுக்கியிருப்பார்கள்; அவர் சட்டையைத் துவைத்தாலும் செம்மண் வாடை போகாது. "கிழங்கு மலையில விளையுது, விலை மேட்டுப்பாளையத்துல விளையுது" என்று அலுத்துக்கொள்வார்.

குன்னூர் ரசிகன்:
மேட்டுப்பாளையத்துக்கு அடுத்த கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டினால் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். இஞ்சினின் பல்சக்கரம் பாதை நடுவிலுள்ள பல்தண்டவாளத்தைக் கடித்துக் கடித்து ஏற, இஞ்சின் பின்னால் நின்று தள்ளும். பார்க்க அழகு, சரி. அவசரச் சரக்குக்கு லாரியைத்தான் கூப்பிட்டார்கள்.

பூம்பாறைக்காரன்:
எங்களுக்கும் அடிவாரத்துப் பக்கம் 1875லேயே ரயில் வந்துவிட்டதே, அண்ணே. இன்றைய கொடை ரோடான அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் அடிவாரம், பிறகு ஆட்கள் தூக்கும் டோலி. மண்டி மட்டும் ஏன் அங்கே முளைக்கவில்லை?

கேத்தி வாசி:
உங்கள் ஸ்டேஷன் மலையை ஒட்டி இல்லையே. மேட்டுப்பாளையத்தில் ரயிலை விட்டு இறங்கினால் கண் முன்னால் மலை. உங்கள் பூண்டு எங்கே போகிறது?

பூம்பாறைக்காரன்:
பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தைக்கு. அங்கே ரயிலே கிடையாது!