மறு: கொலாஜனுக்குத் தமிழ்ச்சொல்: பசையா, நாரா, புரியா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நான் கேட்டது ஒரே ஒரு வரி: தோலுக்கும் எலும்புக்கும் குருத்தெலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? வந்த மடல்களோ இருபதைத் தாண்டிவிட்டன. எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் கேட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் உணவியல் ஆலோசகராக இருக்கும் மூட்டுவலிப் பிரிவுக்கு வாரத்தில் நாலைந்து பேராவது கையில் ஒரு கொலாஜன் தூள் டப்பாவோடு வருகிறார்கள். சென்ற மாதம் ஓர் அம்மா மஞ்சப்பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்து, "ஏம்மா, இதக் கலக்கிக் குடிச்சா நேரா முட்டிக்குப் போயி ஒட்டிக்கிடுமா?" என்று கேட்டார். வாங்கிய இடத்தில் அப்படித்தான் சொன்னார்களாம். சுவரில் காரை பெயர்ந்த இடத்தில் சாந்து பூசுவதுபோல அவர் அதை நினைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'கொலாஜன்' என்ற ஒலி அவருக்கு எதையுமே சொல்லவில்லை. பொருள் இல்லாத அந்தச் சொல்லுக்குள் விற்றவர் தன் பொருளைப் போட்டு அனுப்பிவிட்டார். நோயாளிகளுக்கான தமிழ்க் கையேடு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் முதல் வரியிலேயே நான் நின்றுபோனது இதனால்தான்.

இனி உங்கள் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> மூலச்சொல்லே கிரேக்கத்தில் பசையைத்தானே குறிக்கிறது. 'பசைப்புரதம்' என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

திருச்சி ஐயா, நீங்கள் சொல்வது சரி. 'கோல்லா' என்றால் பசை, 'ஜென்' என்றால் பிறப்பிப்பது. தோலையும் எலும்பையும் காய்ச்சிப் பசை எடுத்த காலத்தில், எந்தப் பொருள் பசையாக மாறுகிறதோ அதற்கு வைத்த பெயர் அது. ஆனால் கோதுமையிலுள்ள குளூட்டனுக்கு நாம் ஏற்கெனவே 'பசையம்' என்று எழுதுகிறோம். அதுவும் இலத்தீனில் பசைதான். இரண்டும் புரதங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவர் 'பசையம் இல்லாதது', 'பசைப்புரதம் நிறைந்தது' என்ற இரண்டையும் ஒரே டப்பாவில் படித்தால் என்ன செய்வார்?

> எங்கள் ஊர் ஆசாரிமார் சொல்லும் 'வச்சிரம்' இருக்கிறதே! கடன் வாங்காமல் கைக்கெட்டிய சொல்.

இதைப் படித்ததும் எனக்குத் தாத்தாவின் பட்டறை நினைவுக்கு வந்துவிட்டது. தாத்தா தச்சர். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசைதான் வச்சிரம். அந்த வச்சிரக் கட்டியைச் சுத்தியலால் உடைத்து முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுவார். காலையில் அது வீங்கிக் கொழகொழவென்று கிடக்கும். அந்தக் கிண்ணத்தைக் கொதிநீர்ச் சட்டிக்குள் இறக்கி வைத்துத்தான் உருக்குவார். நேரடியாக அடுப்பில் வைக்க விடமாட்டார். "கொதிச்சா செத்துப்போவும், அப்பறம் பிடிக்காது" என்பார். அந்த 'செத்துப்போவும்' என்ற சொல்லுக்கு அறிவியல் பொருள் இருப்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அதற்குக் கீழே வருகிறேன்.

சொல்லின்மேல் எனக்கு அவ்வளவு ஆசை. இருந்தாலும் கைவிட வேண்டியிருக்கிறது. வச்சிரம் என்பது காய்ச்சி எடுத்த பிறகு உள்ள பொருள். உடம்புக்குள் இருக்கும்போது அது வச்சிரம் இல்லை. இன்னொன்று, பேச்சில் வச்சிரமும் வஞ்சிரமும் ஒன்றாகிவிடும். மீன்தோலிலிருந்தும் செதிலிலிருந்தும் எடுத்த தூள் கடைகளில் நிறைய விற்கிறது. 'வச்சிரப்புரதம்' என்றால் வஞ்சிர மீனில் எடுத்தது என்றே பாதிப்பேர் நினைப்பார்கள்.

'நார்ப்புரதம்' பற்றிச் சுருக்கமாக. முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டினும் நார்ப்புரதந்தான். அது ஓர் இனத்தின் பெயர். அதோடு 'நார்' என்றதும் நம் மக்களுக்குக் கீரையும் வாழைத்தண்டும்தான் நினைவுக்கு வரும். கொலாஜனோ விலங்குகளிடம் மட்டுமே உண்டு; செடிகொடிகளில் கிடையாது. 'சைவக் கொலாஜன்' என்று விற்பவற்றில் பெரும்பாலும் இருப்பது வைட்டமின் சி-யும், புரதத்தைக் கட்டும் அலகுகளான அமினோ அமிலங்கள் சிலவும்தான். சைவம் மட்டுமே உண்பவர்கள் டப்பாவிலுள்ள, அசைவத்தைக் குறிக்கும் பழுப்பு அடையாளத்தைப் பார்க்காமலே குடித்துவிட்டுப் பிறகு வருந்துவதைக் கண்டிருக்கிறேன். அவர்களைத் தடுமாற வைக்கும் சொல் வேண்டாம்.

'இளமைப்புரதம்' விற்பவரின் வாக்குறுதி. அதைச் சொல்லாக்கித் தருவது நம் வேலையில்லை.

இனி என் பரிந்துரை: முப்புரியம், அதாவது மூன்று புரி சேர்ந்து முறுக்கியது.

இதற்குக் காரணம் சென்னையில் இருக்கிறது. ஜி.என். ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்தார். அங்கு வந்திருந்த பெர்னால் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர், கொலாஜனின் அமைப்பை இன்னும் யாரும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் அதை எக்ஸ் கதிரில் படமெடுத்து ஆராய்ந்து, மூன்று அமினோ அமிலச் சங்கிலிகள் சேர்ந்த அமைப்பு என்று 1954இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டே அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருப்பதைக் காட்டினார்கள். நுணுக்கங்களில் பிறகு மாற்றம் வந்தது; மூன்று புரி முறுக்கு மட்டும் இன்றுவரை நிலைத்து நிற்கிறது. கிண்டியில் கண்டுபிடித்த ஒன்றுக்குத் தமிழில் பெயர் இல்லாமல் இருப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

'இழை' என்று சொல்லாமல் 'புரி' என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. சிங்கம்புணரிப் பக்கம் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்குவார்கள். மூன்றையும் சேர்த்துக் கயிறாக்கும்போது எதிர்ப்பக்கமாகத் திரிப்பார்கள். புரி அவிழப் பார்க்கும் திசையில் கயிறு இறுகும். அதனால்தான் பிடியை விட்டாலும் கயிறு பிரிவதில்லை. இந்தப் புரதத்திலும் அப்படியே: தனிச் சங்கிலி ஒவ்வொன்றும் இடப்பக்கமாகச் சுருண்டிருக்கிறது, மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கிக்கொள்கின்றன. இவ்வளவையும் ஏற்கெனவே உள்ளே வைத்திருக்கும் சொல் 'புரி' ஒன்றுதான். மூன்றுக்கு ஓர் அமினோ அமிலம் கிளைசீன் என்ற மிகச் சிறியதாக இருப்பதால்தான் மூன்று புரியும் அவ்வளவு நெருங்கி உட்கார முடிகிறது. முறுக்கு உடம்புச் சூட்டில் நெகிழாமல் நிற்க வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்கர்வி: ஈறு கசியும், ஆறிய புண் மறுபடி வாய்திறக்கும். நெல்லிக்காயும் கொய்யாவும் கையேட்டில் இடம்பெறுவது இந்த இடத்தில்தான்.

> முப்புரி என்றதும் பூணூல்தான் கண்முன் வருகிறது. பொதுச்சொல்லில் அது வேண்டுமா?

கோவைத் தம்பி எழுப்பிய இந்தத் தடையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் யோசித்து, 'மூவிழையம்' என்று மாற்றிக்கூடப் பார்த்தேன். அதற்கு யாழ்ப்பாணத்து அக்கா எழுதியது இது:

> தம்பி தங்கச்சிமார், எங்கட பாடப்புத்தகங்களில இழையம் எண்டால் திசு. மூவிழையம் எண்டு எழுதினால் எங்கட பிள்ளையள் மூண்டு வகைத் திசு எண்டுதான் விளங்கிக்கொள்ளுவினம்.

அக்கா சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. கடலுக்கு இருகரையிலும் ஒரே பொருள் தராத சொல்லை எடுத்து எதற்கு? தம்பிக்கு நான் சொல்வது: புரி என்பது தென்னைமட்டையை ஊறவைத்து, அடித்து, நாராக்கித் திரித்தவர்களின் சொல். வைக்கோற்புரியும் அவர்கள் சொல்தான். அதை அவர்களிடமிருந்தே நாம் எடுக்கிறோம். கையேட்டில் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுப் படமும் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். இதற்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் எழுதுங்கள் தம்பி, பேசுவோம்.

முக்கியமான இடம் இனிமேல்தான். டப்பாவுக்குள் இருப்பது முப்புரியம் இல்லை.

முப்புரியத்தை நீரில் காய்ச்சினால் முறுக்கு அவிழ்ந்து சங்கிலிகள் தனித்தனியாகும். ஆறினால் உறையும். அதுதான் ஜெலட்டின்; ஆட்டுக்கால் சூப் ஆறியதும் தளதளவென்று கட்டுவதும் குடிக்கும்போது உதட்டில் ஒட்டுவதும் அதுவே. தாத்தாவின் வச்சிரமும் அந்த இனந்தான். அதற்கும் மேலே போய், நொதிகளைக் கொண்டு சங்கிலிகளைச் சிறுசிறு துண்டாக அறுத்துவிட்டால் கிடைப்பது கடையில் விற்கும் தூள். அது குளிர்ந்த நீரிலும் கரையும், குளிர்பெட்டியில் வைத்தாலும் உறையாது, எதையும் ஒட்டாது. சூடு அதிகமானால் வச்சிரம் 'செத்துப்போவதும்' சங்கிலிகள் இப்படி அறுபடுவதால்தான். ஒட்டும் தன்மை முழுக்கப் போன ஒன்றைத்தான் அந்த அம்மா முட்டியில் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிக் குடித்துவந்தார்.

எனவே தூளுக்கு 'புரித்துணுக்கு' என்று தனிச்சொல் கேட்கிறேன். கோழியின் நெஞ்சுக் குருத்தெலும்பிலிருந்து முறுக்குக் கலையாமல் எடுத்து, நாளைக்கு 40 மில்லிகிராம் என்ற அளவில் மூட்டுக்காக விற்பது ஒன்றுண்டு. அதற்கு 'அவிழா முப்புரியம்'. இரண்டும் வேறுவேறு பொருள்கள். தூளைக் கிராம் கணக்கில், 2.5 முதல் 15 வரை குடிக்கச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் 'கொலாஜன்' என்றே எழுதினால் அளவுக் குழப்பம் வராமல் இருக்குமா?

துணுக்கு என்ற சொல், வயிற்றுக்குள் நடப்பதற்கும் பொருந்துகிறது. குடித்தது பெரும்பாலும் அமினோ அமிலங்களாகச் செரிக்கிறது. சில மட்டும் இரண்டு மூன்று அமினோ அமிலம் சேர்ந்த துணுக்காகவே இரத்தத்துக்கு வருவதை 2005இல் ஜப்பானியர் அளந்து காட்டினார்கள். அவை தோல் செல்களைத் தூண்டக்கூடும் என்பதற்கு ஆய்வகச் சான்றும் உண்டு. ஆகவே 'குடிப்பதெல்லாம் வீண், வெறும் புரதந்தான்' என்று ஒரேயடியாக ஒதுக்குவதும் சரியில்லை.

பலன் உண்டா என்று மருந்தாளுநர் நண்பர் கேட்டிருந்தார். தோலுக்கு: 2014இல் 69 பெண்களுக்கு 2.5 அல்லது 5 கிராம் வீதம் எட்டு வாரம் கொடுத்த ஆய்வில் தோலின் நெகிழ்வு கூடியது. அதுபோலப் பல வந்தன. 2025இல் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மொத்தத்தில் பலன் தெரிந்தது. ஆனால் மருந்து நிறுவனப் பணம் பெறாத ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்தால் பலன் காணோம், தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்தாலும் காணோம். மூட்டுக்கு: 147 விளையாட்டு வீரர்களிடம் 24 வாரம் நடந்த 2008 ஆய்வு வலி குறைந்ததாகச் சொன்னது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ, இந்தத் தூளுக்கும் மூட்டு நலத்துக்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று 2011இல் சொல்லிவிட்டது. தேய்ந்த குருத்தெலும்பு இதனால் மீண்டும் வளரும் என்று கையேட்டில் நான் எழுதப்போவதில்லை. வலி கொஞ்சம் குறையலாம் என்பதற்கு மேல் சொல்ல எனக்குச் சான்று போதவில்லை.

அடுத்தது 'சப்ளிமென்ட்'. 'இணை உணவு' அங்கன்வாடிச் சத்துமாவுக்குப் போய்விட்டது. அதைத் தொட வேண்டாம். 'குறைநிரப்பி' இரும்புச்சத்துக்கும் பி12க்கும் மிகப் பொருத்தம். இங்கே பொருந்தாது, ஏனென்றால் முப்புரியத்தை நாம் உண்டுதான் தீரவேண்டும் என்றில்லை, உடம்பே செய்துகொள்கிறது. 'குறை' என்று எழுதினால் இல்லாத குறையைச் சொல்லிப் பயமுறுத்துவதாகும். 'துணையூட்டு' என்று நான் எழுதிவைத்திருக்கிறேன்: புரித்துணுக்குத் துணையூட்டு. வாயில் எளிதாக வருகிறதா என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

அந்த அம்மாவிடம் அன்று என்ன சொன்னேன் என்று அக்கா கேட்டிருந்தார். காலையில் கஞ்சி, மதியம் ரசஞ்சோறு, இரவு இரண்டு இட்லி, இவைதான் அவருடைய நாள். புரதம் என்று அந்த டப்பாவை நம்பியிருந்தார். அதிலோ டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் கிடையாது. முட்டைக்கும் பருப்புக்கும் அது ஈடாகாது. ஒரு கயிற்றைக் காட்டி, இதை அறுத்துத் தும்பாக்கித் தின்றால் உள்ளே போய்க் கயிறாகத் திரும்பாது, உடம்புதான் வேண்டுமென்றால் புதிதாகத் திரிக்கும் என்று சொன்னேன். "அப்ப திரிக்கிறதுக்குத் தெம்பு வேணும்ல" என்றார். நாளுக்கு ஒரு முட்டை, மதியம் பருப்பு அல்லது சுண்டல், தொடைத் தசைக்கு நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் பயிற்சி என்று எழுதிக்கொடுத்தேன். 'முப்புரியம்' என்ற சொல் எனக்குத் தோன்றியது அவர் எழுந்து போன பிறகுதான்.

இன்னும் முடியாத ஒன்று ஜெலட்டின். 'ஊன்பசை' என்று குறித்திருக்கிறேன். மாத்திரைக் கூட்டின்மேல் அப்படி அச்சிட்டால் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் அது எதிலிருந்து வந்தது என்பதை மறைக்காத சொல். கையேடு அடுத்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் ஊன்பசையைப் பற்றி எல்லோரும் ஒரு வரியாவது எழுதுங்கள். கயிறு திரிக்கும் ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால், புரிக்கு உங்கள் பக்கம் வேறு பெயர் உண்டா என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உணவியல் ஆலோசகர், மதுரை