கோவா அயர்ன்மேன் 70.3: கடலில் தடுமாறுகிறேன்

கேள்வி:
நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் இந்தப் போட்டிக்குத் தயாராகிறேன். அதன் நீச்சல் தூரமான 1.9 கிலோமீட்டரைக் குளத்தில் 50 நிமிடத்தில் நீந்திவிடுகிறேன். நீலாங்கரைக் கடலில் இறங்கினால் 300 மீட்டரிலேயே மூச்சு முட்டுகிறது. போட்டி நடக்கும் கோவாவின் மிராமர் கடற்கரையில் என்ன செய்யப்போகிறேனோ!

பதில்:
தம்பி, எனக்கும் இதே கதைதான். குளத்தின் தரையில் கறுப்புக் கோடு வழிகாட்டும். கடலில் கலங்கல் மட்டுமே தெரியும். எட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி மிதவையைப் பாருங்கள். முதல் 200 மீட்டரை வேண்டுமென்றே மெதுவாக நீந்துங்கள். நீச்சலை முடிக்க 1 மணி 10 நிமிடம் இருக்கிறது, போதும். என்னைக் கவிழ்த்தது கடலல்ல. 90 கிலோமீட்டர் சைக்கிளில் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை, 21.1 கிலோமீட்டர் ஓட்டத்தில் பாதியை நொண்டி நொண்டி நடந்தேன்.

இன்னொரு பதில்:
கழுத்தில் வாசலின் தடவுங்கள். உப்புநீரில் உடை உரசிய புண் எனக்கு ஒரு வாரம் எரிந்தது.

கேட்டவர்:
நன்றி அண்ணா. ஞாயிறு காலை மறுபடியும் இறங்குகிறேன்.