உபரிநீர் வழியில் இருக்கும் வீடுகளை அகற்றத்தான் வேண்டுமா?

அரூர்வாசி:
ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஆனால் கடலே இல்லாத நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வந்துதான் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 2 காலை வரையான ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை பதிவானது. ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம் பேருந்து நிலையத்தருகே நின்ற வேன்களை இழுத்துச் சென்றதை எல்லாரும் பார்த்தோம். ஆகவே உபரிநீர் வழியில் உள்ள வீடுகளை, பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாற்று இடம் கொடுத்து அகற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து.

ஊத்தங்கரை மருமகள்:
ஐயா, மாற்று இடம் எவ்வளவு தூரத்தில்? 2013 நவம்பரில் ஹையான் சூறாவளி பிலிப்பைன்ஸின் டாக்ளோபன் நகரைச் சிதைத்தபோது, கடற்கரையிலிருந்து 40 மீட்டருக்குள் குடியிருக்கக் கூடாது என்றார்கள். நகரின் வடக்கே வெகு தொலைவில் வீடு கிடைத்தவர்களுக்குக் குடிநீரும் பிழைப்பும் எட்டாமல் போயின; மீனவர் பலர் கரைக்கே திரும்பினார்கள். இங்கே ஃபெஞ்சல் வெள்ளம் வந்த இரவு என் தையல் மிஷினின் மோட்டார் வரை சேறு ஏறியது. கழுவிக் காயவைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் எல்லாரும் இந்தத் தெருவையும் பக்கத்துத் தெருவையும் சேர்ந்தவர்கள். பத்து கிலோமீட்டர் தள்ளி யாருக்குத் தைப்பேன்?

அரூர்வாசி:
தூரம் குறித்து நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் டாக்ளோபனில் உயிர்களைக் கொண்டுபோனது கடல் பொங்கி ஊருக்குள் புகுந்த அலை; தொலைவில் கிடைத்த வீடு யாரையும் கொல்லவில்லை. புயலுக்குப் பின் அரசு அறிவித்த நிவாரணத்தில் சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய், இறந்த மாட்டுக்கு 37,500 ரூபாய். ஒவ்வொரு புயலுக்கும் இதை வாங்கிக்கொண்டு அங்கேயே இருப்பதா?

ஏரிப் பாசனக்காரன்:
இருவரும் ஏரியை மறந்துவிட்டீர்கள். 50 செ.மீ. மழை என்றால் ஒரு ஹெக்டேரில் மட்டும் 50 லட்சம் லிட்டர் தண்ணீர்; எவ்வளவு தூர் வாரினாலும் எந்த ஏரியும் அதைத் தாங்காது, வழிந்தே தீரும். வறண்ட சீமைக்காரர்கள் என்பதால் எங்களுக்குத் தண்ணீரை விட மனம் வருவதில்லை. எங்கள் ஊரில் கலங்கலின் (ஏரி நிரம்பினால் உபரிநீர் வழிந்து வெளியேறும் தாழ்வான சுவர்) மேல் மணல் மூட்டை அடுக்கி மட்டத்தை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன் (இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது). எனவே முதலில் மூட்டைகளை எடுப்போம். பிறகு நில அளவைத் துறையின் வரைபடமான புலப்படத்தை வாங்கி, உபரிநீர்க் கால்வாய் அதில் எத்தனை மீட்டர், தரையில் எத்தனை மீட்டர் என்று அளப்போம்.

ஊத்தங்கரை மருமகள்:
அளப்பதற்கு எனக்கு மறுப்பில்லை, அண்ணா. ஆனால் நெடுஞ்சாலையோரத்துக் கட்டடங்களிலிருந்து தொடங்குங்கள். எங்கள் தெருவுக்குக் கடைசியாக வாருங்கள்.